டிவிஎஸ் எக்ஸ்எல் 100: பால் கேன் சுமக்கிற வீட்டிலிருந்து ஒரு விமர்சனம்

டிவிஎஸ் எக்ஸ்எல் 100 வாங்கலாமா என்று தேடுகிறவர்களுக்குக் கிடைக்கிற விமர்சனங்களில் பாதி, ஷோரூம் வாசலிலிருந்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதியவை. 60-க்கு மேல் போகவில்லை, கியர் இல்லை, பார்க்க எடுப்பாக இல்லை என்று எழுதியிருப்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் இந்த வண்டியை வாங்குகிறவர்கள் அதையெல்லாம் கேட்டு வாங்குவதில்லை. எவ்வளவு சுமை தாங்கும், சேற்றில் இழுக்குமா, நடுவழியில் நின்றால் பக்கத்து ஊரில் சாமான் கிடைக்குமா, மாதம் எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், அவ்வளவுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் வருஷக்கணக்கில் சுமை ஏற்றி ஓட்டியவர் யாராவது எழுத வேண்டும். அப்படி ஓட்டியவர் எங்கள் அப்பா. அவர் எழுதுகிற ஆள் இல்லை, போன தை மாதம் தவறியும் விட்டார். அதனால் நான் எழுதுகிறேன். வண்டியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் அவரைப் பற்றி எழுதாமல் முடியாது, இரண்டும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பால்காரர். ஈரோடு மாவட்டம் சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. சொந்த மாடு நாலைந்து, அதோடு தோட்டத்துப் பக்கம் இருக்கிற சில வீடுகளில் கறந்த பாலையும் வாங்கிக்கொண்டு சென்னிமலை, பெருந்துறைப் பக்கம் வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் ஊற்றுவார். ஆரம்பத்தில் சைக்கிளில், ஹேண்டில்பாரில் ஒன்று, கேரியரின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என்று கேன் கட்டிக்கொண்டு. நான் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு டிவிஎஸ் 50 வாங்கினார். அதற்குப் பிறகு எக்ஸ்எல் சூப்பர், கடைசியாக எக்ஸ்எல் 100. மூன்று தலைமுறை வண்டியையும் ஒரே வேலைக்கு, ஒரே தடத்தில் ஓட்டியவர் என்பதால் அவர் சொன்னதையும், இப்போது அதை ஓட்டுகிற தம்பி சொல்வதையும் நம்பலாம்.

முதலில் வண்டியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எக்ஸ்எல் 100 ஏன் இப்படி இருக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. டிவிஎஸ் 50 ஓசூரிலிருந்து 1980-ல் வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட் என்று அதைச் சொல்வார்கள். 49 சிசி, டூ ஸ்ட்ரோக், பெடல் மிதித்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். பெட்ரோல் தீர்ந்தால் பெடலையே மிதித்து சைக்கிள் மாதிரி கொஞ்ச தூரம் போகலாம், கேனோடு மிதிப்பது எவ்வளவு சிரமம் என்று மிதித்தவர்களுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் லூனா இருந்தது, ஹீரோ மெஜஸ்டிக் இருந்தது, ஒவ்வொன்றாக நின்றுபோய்க் கடைசியில் பெட்ரோல் மொபெட் என்றால் டிவிஎஸ் மட்டும்தான் என்று ஆகிவிட்டது. எக்ஸ்எல் சூப்பர் 69.9 சிசி, அதுவும் டூ ஸ்ட்ரோக்தான். 2015 கடைசியில் 99.7 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினோடு எக்ஸ்எல் 100 வந்தது. 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 புகை விதி வந்ததும் பழைய டூ ஸ்ட்ரோக் காலம் முடிந்தது. 2020-ல் பிஎஸ்-6 வந்தபோது கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இப்போது ஷோரூமில் கிடைப்பது இந்த வகைதான்.

எண்ணிக்கையில் சொன்னால் 4.3 பிஎச்பி, 6.5 நியூட்டன் மீட்டர், 4 லிட்டர் டேங்க், 16 இன்ச் சக்கரம், முன்னும் பின்னும் டிரம் பிரேக். இன்றைய 110 சிசி ஸ்கூட்டரோடு வைத்துப் பார்த்தால் இது பாதி பலம்தான். ஆனால் வண்டியின் எடையும் 90 கிலோவுக்குள். இப்போது பால் கணக்குக்கு வாருங்கள். பால் தண்ணீரை விடக் கொஞ்சம் கனம், லிட்டருக்கு 1.03 கிலோ. 20 லிட்டர் கேன் மூன்று என்றால் பால் மட்டும் கிட்டத்தட்ட 62 கிலோ. கேன் எடை தனி, அளவு சாமான் தனி, ஓட்டுகிறவர் எடை தனி. மொத்தத்தில் வண்டி தன்னை விட அதிக எடையைத் தினமும் இரண்டு வேளை சுமக்கிறது. டிவிஎஸ் 50 காலத்தில் அப்பா 40 லிட்டர் கேன் இரண்டைப் பின்னால் தொங்கவிட்டுப் போனார். அது கம்பெனி சொல்கிற அளவுக்கு மேலே, யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன், ஆனால் அன்றைக்கு வேறு வழியில்லை, இரண்டு நடை போனால் வெயில் ஏறிவிடும், பால் கெட்டுவிடும்.

அந்த வெயில் விஷயம் பால் வாங்குகிற நிறையப் பேருக்குத் தெரியாது. கறந்த பாலைக் குளிர வைக்காமல் விட்டால் சித்திரை வெயிலில் நாலைந்து மணி நேரம் தாங்குவதே பெரிய விஷயம், காய்ச்சும்போது திரிந்துவிடும். பால் கூட்டுறவுச் சொசைட்டியில் குளிரூட்டும் தொட்டி இருக்கும், வீட்டு லைன், அதாவது வீடு வீடாகப் போய், ஊற்றுகிறவரிடம் ஈரச் சாக்கும் வேகமும்தான் உண்டு. அப்பா சாக்கை நனைத்துக் கேனைச் சுற்றிக் கட்டி, முதலில் தூரத்து வீடுகளை முடித்துவிட்டுப் பக்கத்து வீடுகளுக்கு வருவார். கைக்குழந்தை இருக்கிற வீடு எங்கே இருந்தாலும் முதலில். அந்த வரிசை அவர் மனதில்தான் இருந்தது, எழுதி வைத்ததில்லை. அவர் போன பிறகு தம்பி அந்த வரிசையைப் பிடிக்கக் கொஞ்ச நாள் தடுமாறினான், இப்போது அவனுக்கும் பழகிவிட்டது.

அவருடைய நாளைச் சொல்கிறேன். ராத்திரி மூன்று மணி சுமாருக்கு எழுந்துவிடுவார். கட்டுத்தரையில் சாணி வழித்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, புண்ணாக்கு ஊறவைத்ததை வைத்துவிட்டு, மடி கழுவிக் கறக்க உட்காருவார். அம்மா ஒரு மாடு, அவர் ஒரு மாடு. ஐந்து மணிக்கு வண்டி கிளம்பும். எட்டு மணிக்குள் லைன் முடிந்துவிடும். வந்து பழையதோ களியோ சாப்பிட்டுவிட்டு எங்களைப் பள்ளிக்கூடத்தில் விடுவார், அதே வண்டியில், முன்னால் நின்றுகொண்டு தம்பி, பின்னால் நான், பால் கேனின் ஈரம் காயாத சீட்டில். அப்புறம் தோட்டத்துக்குப் போய்ச் சோளத்தட்டு, பச்சைப் புல் என்று வண்டி மறைகிற அளவுக்குக் கட்டிக்கொண்டு வருவார். மதியம் ஒரு மணி நேரம் திண்ணையில் கண் அசருவார். மூன்று மணிக்கு மறுபடி கறவை, மறுபடி லைன். ராத்திரி எட்டரைக்குப் படுக்கை. இதில் ஞாயிறு, தீபாவளி, பொங்கல், காய்ச்சல் எதற்கும் இடம் கிடையாது. பால் கட்டினால் மாட்டுக்கு மடிநோய் வந்துவிடும், ஒரு வேளை கறக்காமல் விடமுடியாது. எனக்கு நினைவு தெரிந்து அப்பா ஒரு நாள் முழுக்க வீட்டில் இருந்தது என்றால் கீழே விழுந்து கால் எலும்பு விரிசல் விட்டிருந்த சமயம்தான், அப்போதும் கட்டிலைக் கட்டுத்தரையோரம் இழுத்துப் போடச் சொல்லி, பக்கத்துத் தோட்டத்து மாமா கறப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

இந்த வேலைக்கு எக்ஸ்எல் 100 செய்கிற பெரிய உபகாரம் அதன் முன் தளம். ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் நடுவில் தட்டையாக, ஒரு 20 லிட்டர் கேனோ ஒரு மூட்டைத் தவிடோ அப்படியே உட்காரும். கனம் வண்டியின் நடுவில், தாழ்வாக இருப்பதால் ஆட்டம் குறைவு. ஸ்கூட்டரிலும் ஃபுட்போர்டு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் சுற்றிலும் பிளாஸ்டிக், கேன் இரண்டு மாதம் உரசினால் உடைந்துவிடும். எக்ஸ்எல்லில் இரும்புக் குழாய்தான், உரசினால் பெயிண்ட் போகும், அவ்வளவுதான். பின் சீட்டைக் கழற்றி வைத்துவிடலாம் என்பது இன்னொன்று. கழற்றினால் கேரியர் மாதிரி இடம் கிடைக்கிறது, அதன் மேல் பட்டறையில் ஆங்கிள் வைத்து இரண்டு பக்கமும் கேன் மாட்டக் கம்பி அடித்துக்கொள்ளலாம். எங்கள் பக்கம் எல்லாப் பட்டறையிலும் இதற்கு அளவு எடுக்காமலே அடித்துக் கொடுப்பார்கள், அத்தனை பேர் பால் ஊற்றுகிறோம்.

16 இன்ச் சக்கரம் ஏன் முக்கியம் என்று மண் பாதையில் ஓட்டினால் புரியும். சின்னச் சக்கரம் குழியில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும், இது ஏறி இறங்கிப் போய்விடும். ஐப்பசி மழையில் தோட்டத்துத் தடம் முழுக்க வழுக்கும், அப்போது அப்பா இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை ஒரே சீராகப் பிடித்துக் கொண்டுபோவார். உயரம் குறைவாக இருப்பதால் கால் நன்றாக ஊன்றுகிறது. கியர் இல்லாததும் இங்கேதான் உதவி. ஒரு கையில் அளவுப் படியும் இன்னொரு கையில் ஆக்ஸிலேட்டருமாக, வீட்டுக்கு வீடு நின்று கிளம்புகிறவருக்குக் கிளட்ச் பிடித்துக் கியர் மாற்றுவது எவ்வளவு தொல்லை. இதில் திருகினால் போகும், விட்டால் நிற்கும்.

பழைய வண்டிகளோடு ஒப்பிட்டால் எது மேல் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இழுவையில் எக்ஸ்எல் சூப்பருக்கு ஒரு சுறுசுறுப்பு இருந்தது, டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கே உள்ள குணம் அது, திருகிய உடனே உதைத்துக்கொண்டு கிளம்பும். எக்ஸ்எல் 100 நிதானமாகக் கிளம்பி, சுமையை விடாமல் இழுக்கும். ஆனால் பழைய வண்டியில் ஒவ்வொரு தடவையும் பெட்ரோலோடு 2டி ஆயில் அளந்து ஊற்ற வேண்டும், கூடினால் புகை, குறைந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். சைலன்சரில் கரி அடைத்துக்கொண்டு இழுவை போய்விடும், கழற்றிச் சுட்டுத் தட்ட வேண்டும். இதெல்லாம் அப்பா தானே செய்வார், மதியம் தூங்க வேண்டிய அந்த ஒரு மணி நேரத்தில். ஃபோர் ஸ்ட்ரோக் வந்ததும் அந்த வேலைகள் எல்லாம் போய்விட்டன. அதற்குப் பதில் இன்ஜின் ஆயிலை நேரத்துக்கு மாற்ற வேண்டும், இதை மட்டும் ஏமாற்றக்கூடாது. சுமை வண்டிக்கு ஆயில் சீக்கிரம் கருத்துவிடும், புத்தகத்தில் போட்டிருக்கிற கிலோமீட்டர் வரை காத்திருக்காமல் முன்னாலேயே மாற்றிவிடுங்கள்.

மார்கழிக் குளிரில் விடியற்காலை ஸ்டார்ட் ஆவதுதான் பால்காரருக்குப் பெரிய பரீட்சை. டிவிஎஸ் 50-ஐ அப்பா பெடல் போட்டுப் போட்டு ஊரையே எழுப்புவார், பிளக்கைக் கழற்றித் துடைத்து, வேட்டி முனையில் தேய்த்து மாட்டுவார். இப்போது இருக்கிற இன்ஜெக்‌ஷன் வண்டியில் அந்தப் பாடு இல்லை, செல்ஃப் ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் போதும், கிக்கரும் இருக்கிறது. செல்ஃப் இல்லாத வகை சில ஆயிரம் விலை குறைவு என்று அப்பா முதலில் அதைத்தான் பார்த்தார். தம்பிதான் பிடிவாதமாகச் செல்ஃப் உள்ளதை வாங்க வைத்தான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் கழித்து அப்பா என்னிடம் போனில் சொன்னது: "கால் முட்டி வலியே கொறஞ்சு போச்சு அம்மிணி, இத மின்னாடியே வாங்கியிருக்கோணும்." தனக்கென்று ஒரு வசதி செய்துகொண்டதைச் சந்தோஷமாக அவர் சொல்லிக் கேட்டது எனக்கு அது ஒன்றுதான்.

மைலேஜ்: சுமையோடு, நின்று நின்று போகிற லைனில் லிட்டருக்கு 50-ஐ ஒட்டி வருகிறது. சும்மா ஓட்டினால் அதற்கு மேல் வரும். கம்பெனி விளம்பரக் கணக்கை வைத்து மாதச் செலவைப் போடாதீர்கள், பால் லைனுக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

குறை என்றால் டேங்க் சின்னது. இரண்டு வேளை லைன், தீவனம், சொசைட்டி என்று ஓடுகிறவருக்கு இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தடவை பங்க் வாசலில் நிற்க வேண்டும். பிரேக் விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். 2019 முதல் இந்த அளவு வண்டிகளுக்கு ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடு கட்டாயமானது, அது நல்லது, ஆனாலும் டிரம் டிரம்தான். முழுச் சுமையோடு இறக்கத்தில் வரும்போது 30-க்கு மேல் போகக்கூடாது, முன்னால் போகிற பஸ்ஸுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகவே கூடாது. பால் கேனுக்குள் பால் அலைமோதும், பிரேக் பிடித்த பிறகும் வண்டியை முன்னால் தள்ளும், இது மூட்டை ஏற்றுகிறவர்களுக்குத் தெரியாத விஷயம். அதனால் கேனைப் பாதியாக நிரப்பி எடுத்துப் போவதைவிட ஒரு கேனை முழுசாக நிரப்பி இன்னொன்றைக் காலியாக விடுவது பாதுகாப்பு. அப்பா எப்போதும் அப்படித்தான் செய்வார். பெருந்துறையில் கோயமுத்தூர் நெடுஞ்சாலைக்கு ஏறவே மாட்டார், சர்வீஸ் ரோடோ ஊர் வழியோதான். லாரி தாண்டிப் போகிற காற்றுக்கே இந்த வண்டி நகர்ந்துவிடும். தினமும் நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிறவர்கள் இதை வாங்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

சாமான் கிடைப்பதில் குறையே சொல்ல முடியாது. கிளட்ச் ஷூ, செயின் ஸ்பிராக்கெட், ஆக்ஸிலேட்டர் கேபிள், பிரேக் ஷூ, எது வேண்டுமானாலும் சென்னிமலை அளவுள்ள ஊரில் கிடைத்துவிடும், மாட்டத் தெரிந்த மெக்கானிக் எல்லாக் கிராமத்திலும் இருக்கிறார். இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு மட்டும் சென்சார் சம்பந்தப்பட்ட கோளாறு என்றால் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியிருக்கிறது, ஊர் மெக்கானிக் கை வைக்கத் தயங்குகிறார். பால்காரருக்கு வண்டி ஒரு நாள் சர்வீஸ் சென்டரில் நிற்பது பெரிய பிரச்சினை. எங்கள் வீட்டில் பழைய எக்ஸ்எல் சூப்பரை இன்னும் ஓடுகிற நிலையில் வைத்திருப்பது இதற்காகத்தான்.

அப்பாவுக்கும் அந்தப் பழைய வண்டியை விற்க மனசில்லை. அந்த வண்டி ஓடிய வருஷங்களில்தான் என் ஈரோடு காலேஜ் ஃபீஸ் கட்டினார், தம்பியை ஐடிஐ சேர்த்தார், வீட்டுக்கு ஓடு மாற்றி கான்கிரீட் மெத்தை போட்டார். வியாழக்கிழமை கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போகும்போது மட்டும் பஸ். அங்கே மாட்டின் பல்லைப் பார்த்து, மடியைத் தடவி, எத்தனையாவது ஈத்து என்று கேட்டு, சாயங்காலம் வரை நின்று ஒன்றும் வாங்காமலும் வந்திருக்கிறார். ஏன் வாங்கவில்லை என்று அம்மா கேட்டால், "புள்ளைக்கு ஃபீஸ் கட்டற மாசம், ஆச தீரப் பாத்துட்டு வந்தேன்" என்பார். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இப்போது நானும் மாதச் சம்பளத்தில் ஃபீஸுக்கு எடுத்து வைக்கிறேன், அதனால் அந்த வார்த்தையின் கனம் தெரிகிறது.

தண்ணீர் கலக்காத பால்காரர் என்று பேர் எடுப்பது சின்ன விஷயம் இல்லை. லாக்டோமீட்டர் வைத்திருக்கிற வாடிக்கையாளர் ஒருவர் மாதம் ஒரு முறை சோதித்துப் பார்ப்பார், அப்பா கோபித்துக்கொண்டதில்லை, படியை நீட்டிக் கொடுத்துவிட்டு நிற்பார். கோடையில் பால் குறையும்போது, ஊற்ற வேண்டிய வீடுகள் அதிகமாகவும் கறந்தது குறைவாகவும் இருக்கும்போது, தண்ணீர் சேர்க்கிற ஆசை யாருக்கும் வரும். அவர் அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வைக்கிற பாலைக் குறைத்துவிடுவார், வரக்காப்பிதான் குடிப்போம். "தண்ணி ஊத்துனா நாளைக்கு அந்த ஊட்டு வாசல்ல வண்டிய நிறுத்த முடியாதுல்ல" என்று அம்மாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். லைனில் ஒரு வீட்டில் வீட்டுக்காரர் திடீரென்று இறந்துபோய், இரண்டு சின்னப் பிள்ளைகளோடு அந்த அக்கா தடுமாறிக்கொண்டிருந்த காலம் முழுக்க அரை லிட்டர் பால் நிற்காமல் போனது. காலண்டரின் பின்பக்கத்தில் எல்லா வீட்டுக் கணக்கும் இருக்கும், அந்த வீட்டுக் கணக்கு மட்டும் இருக்காது. அப்பா சாவுக்கு அந்த அக்கா வந்து சொல்லித்தான் எங்களுக்கே முழு விவரம் தெரிந்தது.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது டீக்கடை எல்லாம் மூடியாயிற்று, டீக்கடைக்கு ஊற்றுகிற பால் அப்படியே நின்றது. பால் அத்தியாவசியம் என்று போக விட்டார்கள், ஆனால் வாங்க ஆள் இல்லை. மிஞ்சியதைக் கிராமத்துச் சொசைட்டியில் ஊற்றினார், அங்கே கொழுப்பும் மற்ற சத்தும் பார்த்துத்தான் விலை, வீட்டு லைனில் வருகிற காசு வராது. மாட்டுக்குத் தீவனம் குறைக்கவில்லை. அந்த மாதங்களில்தான் எக்ஸ்எல் 100-ஐ வைத்து, வெளியே போக முடியாத வயசானவர்களுக்கு மாத்திரை, மளிகை எல்லாம் லைனோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். முன் தளத்தில் கேன், அதன் மேல் மஞ்சப் பை என்று தம்பி எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது. அப்பா வண்டியோடு இருக்கிற நல்ல போட்டோ எங்களிடம் அது ஒன்றுதான், அதைத்தான் பெரிசு பண்ணி மாட்டியிருக்கிறோம்.

என் கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் மண்டபத்தில், அப்பா மட்டும் லைனில். சீர் ஆரம்பிக்கிற நேரத்துக்கு வந்தார், வண்டியில் இரண்டு கேன் பால், மறுநாள் பந்திக்குத் தயிர் உறை ஊற்ற. சமையல்காரரிடம் பாலை அளந்து கொடுத்துவிட்டு, கை கால் கழுவி, புது வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். என் மாமியார் வீட்டில் இன்னும் அந்தத் தயிரைப் பற்றிப் பேசுவார்கள். விடியற்காலை முகூர்த்தம் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் இல்லை, மாடு கறக்கப் போயிருந்தார், ஒன்பது மணிக்கு என்னை வழியனுப்ப வந்து நின்றார்.

அவர் போனதும் அப்படித்தான், படுக்கையில் கிடக்கவில்லை. காலை லைன் முடித்து வந்து நெஞ்சு அடைக்கிறது என்றார், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. மறுநாள் பால் தெளிக்கக் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். தம்பி மூன்று மணிக்கு எழுந்து கறந்து, அப்பாவின் வண்டியில் லைனுக்குப் போய்விட்டு, ஏழு மணிக்கு வந்து சேர்ந்தான். சொந்தத்தில் ஒருவர் இன்றைக்கு ஒரு நாள் விடக்கூடாதா என்று கேட்டார். அம்மாதான் பதில் சொன்னார்: "அவிய இருந்தா போயிருப்பாங்கல்ல."

இப்போது வாங்கப்போகிறவர்களுக்கு. பால், தீவனம், காய்கறி, மீன், பாத்திரம், ஐஸ் என்று சுமை ஏற்றிப் பிழைக்கிற வேலை உங்களுடையது, ஒரு நாளைக்கு 40, 50 கிலோமீட்டருக்குள் ஊர் வழியில்தான் ஓட்டம் என்றால் எக்ஸ்எல் 100-ல் ஹெவி டியூட்டி என்கிற வகையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், செல்ஃப் ஸ்டார்ட் உள்ளதாகவே வாங்குங்கள். 2025 செப்டம்பரில் சின்ன வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது, பழைய விலைப் பட்டியலை வைத்துப் பேசாமல் இப்போதைய ஆன்ரோடு விலையைக் கேட்டு வாங்குங்கள். கம்பி அடிக்கும்போது சைலன்சர் மேல் கேன் படாமல் நாலு விரல் இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்தப் பக்கத்துப் பால் முதலில் சூடேறும். லைட் ஒயர் மேல் வெல்டிங் பொறி விழாமல் ஈரத்துணி போட்டு மூடச் சொல்லுங்கள். வண்டி எடுத்த அன்றைக்கே இன்ஷூரன்ஸ் தாளையும், ஓட்டுகிறவருக்கான விபத்துக் காப்பீடு அதில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். வீட்டு ஆட்கள் கேட்டுப் படித்துவையுங்கள், ஓட்டுகிறவர் இதையெல்லாம் பார்க்கமாட்டார். சும்மா கடைக்குப் போய் வர, ஆபீஸ் போக என்றால் ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், இதன் சீட்டில் நீண்ட தூரம் உட்கார முடியாது, இடுப்பு வலிக்கும்.

பின் டயர் தேய்ந்துவிட்டது, இந்த மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும் என்கிறான் தம்பி. 2.50-16 அளவில் சுமைக்கும் சேற்றுக்கும் எந்த டயர் நன்றாக வருகிறது என்று பால் லைன் ஓட்டுகிறவர்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.